‘ஆளில்லாத இடம்’: லண்டன் வெளியுறவு அலுவலகத்துக்கு ஓர் ஓய்வுபெற்ற எழுத்தரின் திறந்த மடல்

அனுப்புநர்: வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன், தமிழ்நாடு.

பெறுநர்: கடல்கடந்த பிரதேசங்களைக் கவனிக்கும் அதிகாரிகள், பிரிட்டன் வெளியுறவு அலுவலகம், கிங் சார்லஸ் தெரு, லண்டன்.

பொருள்: இந்தியப் பெருங்கடலிலுள்ள சாகோஸ் தீவுகள் – ‘நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை’ என்ற பதிவு – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கோப்பிலுள்ள 24.8.1966 நாளிட்ட குறிப்பு.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். 31 வருடம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான். அந்த வேலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: கோப்பைப் படிக்கும்போது முதலில் ஓரத்தைப் பார். தட்டச்சில் இருப்பது தணிக்கைக்கு, சட்டமன்றக் கேள்விக்கு, நாளை வழக்கு வந்தால் காட்டுவதற்கு. ஓரத்தில் பேனாவால் இரண்டு வரி கிறுக்கியிருப்பார்கள். ஆபீஸுக்குள் உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

பணியில் சேர்ந்த புதிதில் ஓர் அரசுக் கட்டடத்துக்காகப் புறம்போக்கு நிலம் தேடினார்கள். ‘மேற்படி இடம் காலியாக உள்ளது, ஆட்சேபணை ஏதுமில்லை’ என்று அறிக்கை வந்தது. அதைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். பத்து நாள் கழித்து வேறு வேலையாகச் சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். பதினோரு குடிசைகள். வாசலில் முருங்கை மரம். அதன் நிழலில் ஓர் அம்மாள் கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முருங்கை யார் வைத்தது என்று கேட்டேன். “என் மாமியார்” என்றார். திரும்பி வந்து மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கோப்பை வாங்கி, ‘காலியாக உள்ளது’ என்பதற்குப் பக்கத்தில் ‘தற்காலிக ஆக்கிரமிப்பு நீங்கலாக’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். மாமியார் வைத்த மரத்தடியில் நின்ற அந்த அம்மாள் அதோடு தற்காலிகமாகிவிட்டார்.

பார்வையில் கண்ட உங்கள் குறிப்பைப் படித்தபோது அந்த முருங்கைதான் நினைவுக்கு வந்தது.

1966இல் உங்கள் அலுவலகத்தின் தலைமைச் செயலராக இருந்தவர் பால் கோர்-பூத். அதற்கு முன் எங்கள் டெல்லியில் 5 ஆண்டுகள் பிரிட்டன் தூதராக இருந்தவர். சாகோஸ் தீவுகளை அமெரிக்க ராணுவத் தளத்துக்காக ஒதுக்கும் விஷயத்தில் நாம் மிகக் கறாராக இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். சில பாறைகளைப் பெற்று நம்முடையதாகவே வைத்துக்கொள்வதுதான் இந்த முயற்சியின் நோக்கம், அங்கே கடற்பறவைகளைத் தவிர மண்ணின் குடிகள் என்று எவரும் இருக்கப்போவதில்லை, பறவைகளுக்கு இன்னும் கமிட்டி ஏற்படவில்லை என்றார். பெண்களின் நிலை குறித்த ஐ.நா. கமிட்டி பறவைகளின் உரிமையைக் கவனிப்பதில்லை என்று ஒரு நையாண்டி வேறு. அதற்குக் கீழே உங்கள் அலுவலகத்தின் இன்னோர் அதிகாரி டெனிஸ் கிரீன்ஹில் தம் கையால் எழுதினார்: துரதிர்ஷ்டவசமாகப் பறவைகளோடு சில டார்சான்களும் மேன் ஃப்ரைடேக்களும் இருக்கிறார்கள், அவர்களின் பூர்வீகம் தெளிவில்லை, அவர்களை மொரிஷியஸ் முதலிய இடங்களின் தலையில் கட்டிவிடலாம் என்று நம்பப்படுகிறது. மேன் ஃப்ரைடே என்பது ராபின்சன் குரூசோ கதையில் வருகிற வேலைக்காரன். கிரீன்ஹில் சில ஆண்டுகளில் உங்கள் அலுவலகத்தின் தலைமைப் பதவிக்கே வந்தார். ஓரத்தில் நன்றாக எழுதுகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் பதவி உயர்வு உண்டு.

அந்த ‘மேன் ஃப்ரைடே’க்கள் யார்? கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1800 கிலோமீட்டர் தொலைவில், குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கிறது டியாகோ கார்சியா. அதையும் பேரோஸ் பன்ஹோஸ், சாலமன் உள்ளிட்ட சிறு தீவுக் கூட்டங்களையும் சேர்த்துச் சாகோஸ் என்கிறோம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னந்தோப்பு போடுவதற்காக மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814இல் தீவுகள் உங்கள் கைக்கு வந்தன. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் வந்து கலந்தார்கள். கொப்பரை உலர்த்துவதும் எண்ணெய் ஆட்டுவதும் தொழில். தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இருந்தன, கிரியோல் என்று சொந்த மொழியும் இருந்தது. 1960களில் அவர்கள் ஏறத்தாழ 1500 முதல் 2000 பேர். 1975இல் லண்டன் நீதிமன்றத்தில் உங்கள் அரசின் மேல் முதன்முதலில் வழக்குப் போட்ட சாகோஸ்காரரின் பெயர் மிஷேல் வென்கடசென். அதை வெங்கடேசன் என்று வாசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அவருடைய முப்பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினாரோ! ‘பூர்வீகம் தெளிவில்லை’ என்று உங்கள் ஆள் எழுதியது அந்த அளவில் சரிதான்.

டீக்கடையில் வல்லரசுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எண்ணெய்க்காக என்பார் ஒருவர், கம்யூனிசத்தைத் தடுக்க என்பார் இன்னொருவர், ஆயுதம் விற்க என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் டியாகோ கார்சியா விவகாரத்தில் ஊகத்துக்கு வேலையே இல்லை. நோக்கத்தை எழுத்திலேயே வைத்திருக்கிறீர்கள்.

1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையில் ஸ்டூவர்ட் பார்பர் என்றொரு திட்ட அதிகாரி யோசித்தார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருக்கின்றன. நாளை அவர்கள் நம் தளங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். ஆகவே பெரிய நிலப்பரப்புகளிலிருந்து விலகியுள்ள, மக்கள் அதிகமில்லாத சிறு தீவுகளை, அவை இன்னும் வெள்ளைக்காரர் கையில் இருக்கும்போதே பிடித்துப் போட்டுவிட வேண்டும். நம் ஊர்களில் புறவழிச்சாலை வரப்போகும் செய்தி வெளியே தெரியும் முன்பே நிலம் வாங்கிப் போடுவார்களே, அதே சாமர்த்தியம்தான். உங்களோடு பேச்சு நடந்தபோது வாஷிங்டன் கேட்டது ‘முழுக் கட்டுப்பாடு’. அதன் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘உள்ளூர்வாசிகள் இல்லாமல்’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு ஜனத்தின் தலையெழுத்தை அடைப்புக்குறிக்குள் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாகோஸ் மக்கள் வெளியேற்றப்பட்டதை வரலாற்று நூல்கள் ராணுவத் தளத்தின் பக்கவிளைவாகச் சொல்கின்றன. தளம் வந்தது, பாவம், மக்கள் போக வேண்டியதாயிற்று என்கிற தொனி. நான் இதைத் திருப்பிப் படிக்கிறேன். டெண்டரில் முதல் நிபந்தனையே ஆளில்லாமைதான். ஓடுபாதை எங்கே வேண்டுமானாலும் போடலாம். ஆழமான துறைமுகம் உலகத்தில் எத்தனையோ உண்டு. நாளைக்கு வாசலில் வந்து நின்று ‘இங்கே என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்க ஒரு மனிதர்கூட இல்லாத இடம் கிடைப்பதுதான் அரிது. அமெரிக்கத் தளங்கள் உள்ள ஜப்பானியத் தீவான ஒகினாவாவில் மக்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அங்கே ஆர்ப்பாட்டம் நடக்கிறது, தேர்தலில் அது பிரச்சினையாகிறது. அந்தத் தொல்லையே இல்லாத தீவை விலை பேசினார்கள். கிடைக்கவில்லை. ஆகவே தயாரித்துக்கொண்டார்கள்.

தயாரிப்புக்கு ஆன செலவையும் பார்த்துவிடுவோம். 1965 செப்டம்பரில் மொரிஷியஸ் தலைவர் சிவசாகர் ராம்கூலம் விடுதலைப் பேச்சுக்காக லண்டன் வந்திருந்தார். அவரைச் சந்திக்கும் முன் பிரதமர் ஹரால்ட் வில்சனுக்கு அவருடைய செயலர் ஒரு குறிப்புக் கொடுத்தார். நோக்கம், நம்பிக்கையைக் காட்டி அவரைப் பயமுறுத்துவது. விடுதலை கிடைக்கலாம் என்பது நம்பிக்கை. சாகோஸைப் பிரித்துத் தருவதில் விவேகமாக நடக்காவிட்டால் கிடைக்காமல் போகலாம் என்பது பயம். எங்கள் பக்கத்துக் கந்துவட்டிக்காரர்களுக்கும் இந்தக் கலை தெரியும், ஆனால் இவ்வளவு அழகாக எழுதத் தெரியாது. நவம்பர் 8ஆம் தேதி தீவுகள் மொரிஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்’ பிறந்தது. மொரிஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1966 டிசம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவோடு 50 ஆண்டு ஒப்பந்தம். வாடகை கிடையாது என்று வெளியே சொன்னீர்கள். உண்மையில், நீங்கள் வாங்கிக்கொண்டிருந்த போலாரிஸ் ஏவுகணைகளின் ஆய்வுச் செலவில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி கிடைத்தது. உங்கள் நாடாளுமன்றத்துக்கும் தெரியாது, அவர்கள் காங்கிரஸுக்கும் தெரியாது. இது பத்திரத்தில் ஒரு தொகை, கைமாறியது வேறு தொகை என்கிற வியாபாரம். பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் பத்து நிமிடம் நின்றவன் எவனும் இதைப் புரிந்துகொள்வான்.

பிறகு ஆட்களைக் காலி செய்கிற வேலை. முதலில் சத்தமில்லாமல் ஆரம்பித்தீர்கள். மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரிஷியஸ் போனவர்களுக்குத் திரும்பிவரக் கப்பலில் இடமில்லை. ஒலிவியர் பான்கூல்ட் என்கிற பெயர் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உங்கள்மேல் வழக்குமேல் வழக்காகப் போட்டவர். 1968இல் அவர் நான்கு வயதுச் சிறுவன். கோவேறு கழுதை வண்டி ஏறிக் கால் நசுங்கிய சின்னத் தங்கையைத் தூக்கிக்கொண்டு குடும்பம் பேரோஸ் பன்ஹோஸிலிருந்து மொரிஷியஸ் போனது. குழந்தை பிழைக்கவில்லை. அடக்கம் செய்துவிட்டு ஊர் திரும்ப டிக்கெட் கேட்டபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

எஞ்சியவர்களுக்கு உணவுக் கப்பல்களைக் குறைத்தீர்கள். 1970இல் உங்கள் சட்ட ஆலோசகர் குடியேற்றச் சட்டத்துக்கு எழுதிய குறிப்பில் ஒரு தலைப்பு: இத்தீவுவாசிகள் நிரந்தர அல்லது அரை நிரந்தர மக்கள் அல்லர் என்ற ‘கட்டுக்கதையைப் பராமரித்தல்’. கட்டுக்கதை என்று அவரே எழுதியிருக்கிறார். என் மேலதிகாரியின் ‘தற்காலிக ஆக்கிரமிப்பு’ எவ்வளவோ நாகரிகம். 1971இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி எல்மோ சம்வால்ட்டின் மேசைக்கு இந்த மக்களைப் பற்றிய தாள் போனது. அவர் பக்கம் பக்கமாக எழுதவில்லை. ‘கட்டாயம் போயாக வேண்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்.

அந்த ஆண்டு டியாகோ கார்சியா காலியானது. மனிதர்களுக்கு முன் நாய்கள். செஷல்ஸ் கவர்னராக இருந்துகொண்டு இந்தப் பிரதேசத்தையும் நிர்வகித்த புரூஸ் கிரேட்பேட்ச் தீவின் நாய்களையெல்லாம் கொல்ல உத்தரவிட்டார். சுட்டுப் பார்த்தார்கள், விஷம் வைத்துப் பார்த்தார்கள். தீரவில்லை. கடைசியில் இறைச்சியைக் காட்டிக் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் நாய்களை அடைத்து, ராணுவ வண்டிகளின் புகைக்குழாயை உள்ளே விட்டு எஞ்சினை ஓடவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய்ப் பருப்பு காய்ந்த கொட்டகை அது. தங்கள் நாயை அதில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறிய பிள்ளைகள் பலர், இன்று தாத்தா பாட்டியாகி, அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். ‘நோர்ட்வேர்’ என்ற சரக்குக் கப்பலில் குதிரைகளுக்கு மேல்தளமும் மனிதர்களுக்குக் கீழே சரக்கறையும் கிடைத்ததாகப் பயணம் செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1972இல் சாலமன், 1973இல் பேரோஸ் பன்ஹோஸ். கடைசியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் மொரிஷியஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க மறுத்துச் சில நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போக இறங்குவது?

நஷ்டஈட்டுக் கதையை நீட்டவில்லை. 1972இல் மொரிஷியஸ் அரசிடம் 6.5 லட்சம் பவுண்டு கொடுத்தீர்கள். மக்கள் கைக்கு அது வந்து சேர 5 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1982இல் வென்கடசென் வழக்கை முடிக்க 40 லட்சம் பவுண்டு. கூடவே, திரும்பும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஆங்கிலத்தில் ஒரு தாள். படிக்கத் தெரியாத பலர் கைநாட்டு வைத்தார்கள். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றியிருக்கிறேன். அந்த விரல் நம் பிடியில் கொஞ்சமும் எதிர்க்காது. எழுதியதைப் படித்துக் காட்டினோமா என்று அப்புறம் மனசு அடித்துக்கொள்ளும். உங்கள் ஆட்களுக்கு அடித்துக்கொண்டதா என்று கோப்பில் இல்லை.

இனி, இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அறுபது ஆண்டுகளாக நீங்கள் சொல்கிற காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது. கேட்கிற பொருள் மட்டும் மாறவில்லை.

முதலில் அது சின்னத் தகவல்தொடர்பு நிலையம் என்றார்கள். பிறகு சோவியத் கப்பல்கள் காரணமாயின. 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்காவின் ‘எண்டர்பிரைஸ்’ கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன் நான். டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்று, ஏழாவது கடற்படை வருகிறதாம் என்று பேசிக்கொண்டது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16 அன்றே, இலங்கை முன்னின்று கொண்டுவந்த, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. டியாகோ கார்சியாவில் அப்போது தளம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. சோவியத் யூனியன் 1991இல் போய்விட்டது. காரணம் போனதே, தளம் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. அதே ஆண்டு வளைகுடாப் போருக்கு அங்கிருந்துதான் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. பிறகு ஆப்கானிஸ்தான், பிறகு இராக். தீவில் அமெரிக்கர்கள் தங்கள் முகாமுக்கு வைத்த பெயர் ‘நீதி முகாம்’. இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை.

2000 நவம்பரில், மக்களை வெளியேற்றியது சட்டப்படி செல்லாது என்று பான்கூல்ட் உங்கள் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அப்போதைய அமைச்சர் ராபின் குக் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார், அவருக்கு ஒரு நமஸ்காரம். 2004 ஜூன் 10ஆம் தேதி, உங்கள் நாடு ஐரோப்பியத் தேர்தலில் வாக்களித்துக்கொண்டிருந்த நாளில், நாடாளுமன்றத்துக்குப் போகாமல் மகாராணியின் ஆணை ஒன்றால் அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினீர்கள். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் அதைத் தவறு என்றன. 2008இல், அன்று உங்கள் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 3க்கு 2 என்று உங்கள் பக்கம் நின்றார்கள்.

பிறகு வந்தது பவளப்பாறை. 2010 ஏப்ரலில் சாகோஸ் கடலை உலகின் மிகப் பெரிய கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தீர்கள். மீனுக்கும் ஆமைக்கும் அடைக்கலம். எனக்கும் ஆமை பிடிக்கும். ஆனால் முந்தைய ஆண்டு மே மாதம் உங்கள் அதிகாரி அமெரிக்கத் தூதரகத்தில் என்ன பேசினார் என்பது அவர்களுடைய தந்தியில் பதிவாகி, பிறகு விக்கிலீக்ஸில் வெளிவந்தது. கடல் பூங்கா அமைந்தால் பழைய குடிகளின் மீள்குடியேற்றக் கோரிக்கைக்கு முடிவு கட்டலாம், அங்கே ‘மேன் ஃப்ரைடே’க்கள் இருக்கமாட்டார்கள் என்று பேசியிருக்கிறார். 1966க்கும் 2009க்கும் நடுவே 43 ஆண்டுகள். மனிதன் நிலாவுக்குப் போய் வந்துவிட்டான், உங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு சொல் மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது. 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் அந்தக் கடல் பூங்கா அறிவிப்பு கடல் சட்டத்துக்கு முரணானது என்றது.

ஆளில்லாத இடம் எதற்கு உதவும் என்பதற்கும் கோப்பு உண்டு. 2002இல் சி.ஐ.ஏ. கைதிகளை ஏற்றிய இரண்டு விமானங்கள் டியாகோ கார்சியாவில் இறங்கி எரிபொருள் நிரப்பியதை, பல ஆண்டு மறுப்புக்குப் பிறகு 2008 பிப்ரவரியில் உங்கள் அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2014இல் அந்தக் காலத்துப் பதிவேடுகளைக் கேட்டபோது, தண்ணீர் பட்டு முழுமையாக இல்லை என்று பதில் சொன்னீர்கள். சில நாள் கழித்து, நனைந்த தாள்கள் உலர்ந்துவிட்டன, ஒன்றும் தொலையவில்லை என்றீர்கள். இதைப் படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. கேட்ட கோப்பைக் கரையான் தின்றது என்று எத்தனை முறை நானே எழுதியிருக்கிறேன்!

எங்கள் ஜனமும் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2021 அக்டோபரில் கனடா போகலாம் என்று மீன்பிடிப் படகில் புறப்பட்ட 89 இலங்கைத் தமிழர்கள் நடுக்கடலில் தத்தளித்து, உங்கள் கடற்படையால் டியாகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதன்பின் அவர்களில் பெரும்பாலோருக்கு 3 ஆண்டுகள் வேலிக்குள் கூடாரம். எலிகள். உண்ணாவிரதம். தற்கொலை முயற்சிகள். விசாரணைக்காக நீதிபதியும் வழக்கறிஞர்களும் தீவுக்குக் கிளம்பியபோது, பாதுகாப்பைக் காட்டி 2024 ஜூலையில் அமெரிக்கா தடுத்தது. உங்கள் பிரதேசத்தில் உங்கள் நீதிபதி கால்வைக்க அடுத்த நாட்டின் அனுமதி வேண்டியிருந்தது. செப்டம்பரில் போனார்கள். டிசம்பரில் தீர்ப்பு வந்தது: அவர்கள் சட்டவிரோதமாகத் தடுத்துவைக்கப்பட்டார்கள், பெயரில்தான் இல்லையே தவிர அது சிறைதான். சாகோஸ்காரர்களை ‘இங்கே குடியிருந்தவர்களே அல்ல’ என்று வெளியே அனுப்பிய இடத்தில், ஈழத்துப் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்திருந்தீர்கள். முரண் மாதிரித் தெரியும், ஆனால் கேள்வி கேட்க யாரும் வரமுடியாத நிலம் இரண்டுக்குமே வசதியாக இருந்தது.

வாஷிங்டனையும் லண்டனையும் மட்டும் திட்டிவிட்டு எழுந்திருக்க எனக்கு மனசில்லை. ஒரு காலத்தில் இந்தத் தளத்தை ஐ.நா.விலும் வெளியிலும் ஓயாமல் எதிர்த்த எங்கள் டெல்லி, இப்போது மொரிஷியஸின் உரிமையை ஆதரித்துக்கொண்டே தளத்தைப் பற்றி மௌனமாகிவிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று மொரிஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஓடுபாதை திறக்கப்பட்டது. அங்கே வசிப்பவர்கள் சில நூறு பேர். போக்குவரத்து வசதிக்கும் கடல் பாதுகாப்புக்கும் என்கிறார்கள், இருக்கலாம். எங்கள் வெளியுறவு அமைச்சகக் கோப்பின் ஓரத்தையும் ஒரு நாள் பார்க்க ஆசை.

சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் 13க்கு 1 என்ற கணக்கில், மொரிஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்தது சட்டப்படி செல்லாது, நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ளுங்கள் என்று கருத்துச் சொன்னது. மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் அதையே சொன்னபோது உங்களோடு எதிர்த்து நின்றவை 5 நாடுகள். 2025 மே 22 அன்று மொரிஷியஸோடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டீர்கள். இறையாண்மை மொரிஷியஸுக்கு, டியாகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகைக்கு உங்களுக்கு, குத்தகைப் பணம் ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் மக்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் கூடாது.

அன்று அதிகாலை 2:25 மணிக்கு, டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்களின் மனுவின்மேல் உங்கள் நீதிபதி ஒருவர் இடைக்காலத் தடை விதித்தார். எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பற்றி எப்படிப் பேரம் பேசலாம் என்பதுதான் அவர்கள் கேட்டது. மதியத்துக்குள் தடை விலகியது, கையெழுத்து விழுந்தது. சாகோஸ்காரர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. மொரிஷியஸில் இருக்கும் பலர் வரவேற்றார்கள், லண்டனுக்குத் தெற்கே கிராலியில் இருக்கும் பலர் எதிர்த்தார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இரு தரப்பும் ஒன்று சொல்கிறது: பேச்சுவார்த்தை மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. 2025 மே மாதம் உடன்படிக்கையை வரவேற்ற அதே வாஷிங்டன், 2026 ஜனவரியில் அதைப் பெரும் முட்டாள்தனம் என்றது. வரவேற்றபோதும் ஏசியபோதும் பேச்சு தளத்தைப் பற்றித்தான். முன்பு அடைப்புக்குறிக்குள்ளாவது அந்த மக்கள் இருந்தார்கள்.

பாதுகாப்பு முக்கியம், தளம் தேவை என்பீர்கள். அந்த வாதத்தை ஒரு நிமிடம் ஏற்றுக்கொள்கிறேன். திட்டத்தின் மூலவரான ஸ்டூவர்ட் பார்பர் ஓய்வுபெற்ற பின் 1990களில் என்ன எழுதினார் தெரியுமா? டியாகோ கார்சியாவிலிருந்து 100 மைலுக்கும் அப்பாலுள்ள வடக்குத் தீவுகளின் மக்களை வெளியேற்ற எந்த நல்ல காரணமும் இருந்ததில்லை, டியாகோ கார்சியாவின் கிழக்குப் பக்கத்திலேயே அவர்களை இருக்கவிட்டிருக்கலாம் என்று. தளம் பெரும்பாலும் மேற்குக் கரத்தில் இருக்கிறது. கிழக்குக் கரத்தில் பழைய ஊரான கிழக்கு முனையில் தேவாலயம் நிற்கிறது, கல்லறைகள் கிடக்கின்றன. படைவீரர்களும் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுமாக ஆயிரக்கணக்கானோர் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். வெளித் தீவுகளில் பாய்மரப் படகுக்காரர்கள் அனுமதிச் சீட்டு வாங்கி நங்கூரமிடுகிறார்கள். ஆக, அங்கே யாரும் இருக்கலாம், ஊர்க்காரர் தவிர.

நீங்கள் ஏற்பாடு செய்த சுற்றுப்பயணங்களில் போய் வந்த பெரியவர்கள் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். ராணுவ நாய்களுக்கு அங்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறதாம். புல் வெட்டி, சுத்தமாகப் பராமரிக்கிறார்களாம். தங்கள் பெற்றோரின் கல்லறைகளைத் தேடச் செடிகளை விலக்க வேண்டியிருந்ததாம்.

எனவே, இம்மடல் வழியாகக் கேட்டுக்கொள்வது. பெரிய விஷயங்களை, அதாவது கிழக்குக் கரத்தில் குடியேறவும் தளத்தில் வேலை பெறவும் உள்ள உரிமையை, அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், என்னைவிட நன்றாக. நான் கேட்பது ஓர் எழுத்தர் கேட்கக்கூடியது. எங்கள் அலுவலகத்தில் தவறான பதிவைக் கண்டால் அதை அழிப்பதில்லை. சிவப்பு மையில் சுழித்து, சரியான விவரத்தை மேலே எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பமிடுவோம். பழைய தவறும் தெரியும், திருத்தியது யார் என்பதும் தெரியும். பார்வையில் கண்ட 24.8.1966 நாளிட்ட குறிப்பை ஆவணக் காப்பகத்திலிருந்து வரவழைத்து, ‘கடற்பறவைகளைத் தவிர’ என்ற இடத்தில் ஒரு சுழி போடுங்கள். அருகே தீவுவாரியாக, குடும்பவாரியாக, அன்று அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஓரம் போதாது. தனித்தாள் இணைக்கலாம், விதியில் இடமுண்டு. பெயர் தெரிந்தவர்கள் கிராலியிலும் போர்ட் லூயிஸிலும் செஷல்ஸிலும் இன்னும் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.

கீழே யார் சுருக்கொப்பமிடுகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற எழுத்தர்

நகல்:
அமெரிக்க வெளியுறவுத் துறை, வாஷிங்டன் – தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.
இந்திய வெளியுறவு அமைச்சகம், புதுடெல்லி – தகவலுக்கு.